அப்பாவுக்கு சுகர், காபிக்கு என்ன போடறது? கருப்பட்டியா, சுக்ரலோஸ் மாத்திரையா, ஸ்டீவியாவா?

வைகைக்கரை

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயசு, பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். போன மாசம் செக்கப்புல எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) 8.2 வந்துருச்சு. டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்து "சீனிய நிறுத்துங்க"ன்னு ஒரு வரி சொல்லி அனுப்பிட்டார். அப்பா ஒரு நாளைக்கு நாலு காபி குடிப்பார், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஸ்பூன் சீனி, நாப்பது வருஷப் பழக்கம்.

இப்ப வீட்டுல பெரிய பஞ்சாயத்து. அம்மா உடனே கருப்பட்டிக்கு மாத்திட்டாங்க, "அது இயற்கை, ஒண்ணும் பண்ணாது"ன்னு சொல்லி முன்னவிட ஒரு கட்டி கூடவே போடறாங்க. தம்பி சுக்ரலோஸ் மாத்திரை டப்பா வாங்கிட்டு வந்தான், அதப் பாத்தா அம்மாவுக்கு பயம், கேன்சர் வரும்னு வாட்ஸப்புல வந்துச்சாம். ஆபீஸ்ல ஒரு அக்கா ஸ்டீவியாதான் செடியில இருந்து வர்றது அதான் நல்லதுன்னாங்க, சரின்னு கடையில போய் அந்த பாக்கெட்ட திருப்பிப் பாத்தா பாதிக்கு மேல எரித்ரிட்டால்னு போட்டிருக்கு, அதத் தேடினா ஹார்ட் அட்டாக்னு வருது. தலை சுத்துது.

இன்னொண்ணும் எனக்கு உறுத்துது. எங்க ஊர்ப்பக்கம் கரும்புக்குத் தண்ணி எவ்வளவு போகும்னு சின்ன வயசுலருந்து பாத்திருக்கேன், அதனால சீனிய விடறது ஒரு வகையில நல்லதுன்னு தோணுது, ஆனா இந்த மாத்திரை எல்லாம் ஃபாக்டரி கெமிக்கல் தானே, அது மண்ணுக்கும் தண்ணிக்கும் என்ன பண்ணும்? உடம்புக்கும் சுற்றுச்சூழலுக்கும் ரெண்டுக்கும் சேத்து யோசிச்சா எது பரவாயில்ல? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க, ப்ளீஸ்.

ராஜி_டயட்

வைகைக்கரை, நான் சுகர் பேஷண்ட்ஸ் பாக்கற கிளினிக்ல டயட்டீஷியனா பத்து வருஷத்துக்கு மேல இருக்கேன், உங்க வீட்டுப் பஞ்சாயத்து தினமும் என் டேபிளுக்கு வர்றதுதான்.

முதல்ல அம்மாகிட்ட அன்பா சொல்லுங்க, கருப்பட்டிய இன்னைக்கே நிறுத்தணும். கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே ரத்தத்துல போய் சர்க்கரையாத்தான் நிக்கும். கருப்பட்டியில பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சர்க்கரையில இருக்கற அதே பொருள். கொஞ்சம் இரும்புச்சத்து, பொட்டாசியம் இருக்கும், நல்லா இருக்கறவங்க வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலா அளவா சாப்பிடலாம், ஆனா 8.2 இருக்கறவருக்கு அது மாற்று கிடையாது. நான் பாத்ததுல "கருப்பட்டிதான் போடறேன், ஆனாலும் சுகர் இறங்க மாட்டேங்குது"ன்னு அழுதவங்க நிறைய பேர், அவங்க எல்லாம் மனசார நல்லது பண்றதா நம்பித்தான் போட்டாங்க, அதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கும்.

அடுத்தது சுக்ரலோஸ். சர்க்கரைய விட 600 மடங்கு இனிப்பு, அதனால ஒரு ஸ்பூன் சர்க்கரை இனிப்புக்கு சுமார் 8 மில்லிகிராம் போதும். நாம சாப்பிடறதுல பெரும்பகுதி குடல்ல உறிஞ்சப்படாம அப்படியே வெளிய போயிடும். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தற நிபுணர் குழு வச்சிருக்கற தினசரி அளவு உடல் எடையில கிலோவுக்கு 15 மில்லிகிராம். அப்பா 70 கிலோன்னு வச்சா 1,050 மில்லிகிராம் வரைக்கும். நாலு காபிக்கு எட்டு மாத்திரை போட்டாக்கூட 65, 70 மில்லிகிராம்தான் வரும்.

நம்ம ஊர்லயே இதுக்கு ஒரு ஆய்வு இருக்கு. சென்னையில இருக்கற மெட்ராஸ் டயாபட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், டைப் 2 சுகர் இருக்கறவங்ககிட்ட காபி டீயில சர்க்கரைக்குப் பதிலா சுக்ரலோஸ் குடுத்து 12 வாரம் பாத்தாங்க, 2024ல வெளியாச்சு. எச்பிஏ1சி ஏறவும் இல்ல, சர்க்கரை குடிச்சவங்கள விடப் பெருசா இறங்கவும் இல்ல, எடையும் இடுப்பளவும் கொஞ்சூண்டு குறைஞ்சுது. நம்மாளுங்க குடிக்கற காபி டீய வச்சுப் பாத்ததால எனக்கு அது முக்கியமான ஆய்வு. காபியில சர்க்கரைய மாத்தினதும் அற்புதம் நடந்துடும்னு எதிர்பாக்காதீங்கன்னு அதுல இருந்து தெரியுது, ஏன்னா மீதி தட்டுல இருக்கற இட்லியும் சோறும் அப்படியேதான இருக்கு. ஒரு இட்லியிலயே கிட்டத்தட்ட ரெண்டு ஸ்பூன் சர்க்கரை அளவு மாவுச்சத்து வந்துடும்.

இன்னொரு பக்கமும் சொல்லிடறேன், மறைக்கக் கூடாது. இஸ்ரேல்ல வைஸ்மேன் நிலையம் 2022ல 120 பேர வச்சுப் பண்ணின ஆய்வுல, ரெண்டு வாரம் சாக்கரினும் சுக்ரலோஸும் எடுத்த ஆரோக்கியமானவங்களுக்கு குளுக்கோஸ் டெஸ்ட்ல வித்தியாசம் தெரிஞ்சுது, குடல் பாக்டீரியாவும் மாறிச்சு. ஆளுக்கு ஆள் மாறுது. 2023 மே மாசம் உலக சுகாதார நிறுவனம், எடை குறைக்கறதுக்காக இந்த மாதிரி இனிப்பூட்டிகள நம்பாதீங்கன்னு வழிகாட்டுதல் வெளியிட்டாங்க, ஆனா ஏற்கெனவே சுகர் இருக்கறவங்களுக்கு அது பொருந்தாதுன்னு அதுலயே தெளிவா எழுதியிருக்கு. வாட்ஸப்புல இந்தக் கடைசி வரி மட்டும் வர்றதே இல்ல.

ரொம்ப முக்கியமான ஒண்ணு. அப்பாவுக்கு குடுத்திருக்கற மாத்திரையில கிளிமிபிரைட் மாதிரி சுகர இறக்கற மருந்து ஏதாவது இருந்தா, இல்ல பின்னாடி இன்சுலின் போட்டா, திடீர்னு லோ சுகர் ஆகலாம், வேர்த்துக் கொட்டி கை நடுங்கும். அந்த நேரத்துல பதட்டத்துல இந்த சுக்ரலோஸ் மாத்திரை போட்ட தண்ணிய குடுத்துடாதீங்க, அது சுகர ஏத்தவே ஏத்தாது. நிஜமான சர்க்கரை மூணு ஸ்பூன் தண்ணியில கலந்து குடுக்கணும். வீட்டுல சர்க்கரை டப்பாவ மொத்தமா தூக்கிப் போடக் கூடாதுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது இதுக்காகத்தான்.

பனங்காட்டுப்_பிள்ளை

ராஜி அக்கா சொன்னத ஒத்துக்கறேன், சுகர்காரங்களுக்கு கருப்பட்டி வேண்டாம். ஆனா கருப்பட்டின்னதும் எல்லாரும் ஒரே தட்டுல வச்சு தள்ளிடக் கூடாது, நான் உடன்குடிப் பக்கம், எங்க தாத்தா பனையேறி.

பூமிக்கு எதுன்னு கேட்டீங்கல்ல, அதுக்குச் சொல்றேன். பனைக்கு யாரும் தண்ணி பாய்ச்சறதில்ல, உரம் போடறதில்ல, தேரி மணல்ல தானா நிக்கும். ஒரு மரத்துல ஏறி பாளை சீவி கலயத்தக் கட்டி, உள்ள சுண்ணாம்பு தடவி விட்டா பதநீர், தடவலன்னா கள்ளாயிரும். காலையிலயும் சாயங்காலமும் ஏறணும், விடிலியில, அதாவது பதநீர் காய்ச்சற குடிசையில, பெரிய சட்டியில ஊத்தி மணிக்கணக்கா காய்ச்சி சிரட்டையில ஊத்துவாங்க. இந்தக் காய்ச்சறதுதான் குறை, விறகு நிறைய வேணும், பனை ஓலை மட்டையும் உடைமர விறகும் எரியும், புகைக்குள்ள நிக்கறது அநேகமா பொம்பளைங்க, என் பாட்டிக்கு அந்தப் புகையில கண்ணு போயிட்டுது. அதனால அதுவும் முழுசா சுத்தம்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா ஒரு கரும்புத் தோட்டம் பன்னெண்டு மாசம் தண்ணி குடிக்கறதையும், மழை மட்டும் குடிச்சு நூறு வருஷம் நிக்கற பனையையும் ஒண்ணா வைக்க முடியாது. செங்கல் சூளைக்குன்னு எத்தன மரம் போச்சு. 2021ல தமிழ்நாட்டு வேளாண் பட்ஜெட்ல பனைய வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு அறிவிச்சாங்க, நல்ல காரியம். மரம் இருந்தாலும் இப்ப ஏற ஆள் இல்ல, விழுந்தா காப்பாத்த யாரும் இல்லன்னு பசங்க வர மாட்டேங்கறாங்க, நியாயந்தானே.

இன்னொரு விஷயம், கடையில கிடைக்கற கருப்பட்டியில பாதி சீனிப்பாகு காய்ச்சி ஊத்தினது. நானே ஒரு கடையில வாங்கி ஏமாந்திருக்கேன், கரைச்சுப் பாத்தப்ப மரத்து வாசமே இல்ல, வெறும் பாகு. அதனால பனைக்கு நல்லது செய்யறோம்னு நினைச்சு வாங்கினாலும் கரும்புச் சீனியத்தான் ரெட்டை விலைக்கு வாங்கிட்டு வருவீங்க. சுகர் இல்லாத வீட்டுக்காரங்க வாங்கினா பனையேறிகிட்ட நேரா வாங்குங்க.

நீர்வழி

சுற்றுச்சூழல் பக்கத்த நான் கொஞ்சம் விரிவா எழுதறேன், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துல வேலை, லேப்ல சாம்பிள் பாக்கறதுதான் தொழில்.

முதல்ல ஒரு கணக்கு. அப்பா நாலு காபிக்கு எட்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு 5 கிராம்னா ஒரு நாளைக்கு 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் நல்லா இருக்கறவங்களுக்கே 25 கிராமுக்குள்ள வச்சுக்கிட்டா நல்லதுங்குது, காபியிலயே அது தாண்டிருச்சு. வருஷத்துக்கு 14, 15 கிலோ. கரும்புல இருந்து ஒரு கிலோ சர்க்கரை எடுக்க உலக சராசரியா சுமார் 1,800 லிட்டர் தண்ணி ஆகுதுன்னு ஒரு மதிப்பீடு இருக்கு, அதுல மழைத்தண்ணியும் சேர்த்தி, பாசனமும் சேர்த்தி. அப்ப அப்பாவோட காபிக்கு மட்டும் வருஷம் 26,000 லிட்டர், 12,000 லிட்டர் டேங்கர் லாரி ரெண்டுக்கு மேல. அதே இனிப்ப சுக்ரலோஸ்ல எடுத்தா வருஷம் முழுசுக்குமே 25 கிராம் கூட வராது. நிலம், தண்ணி, லாரின்னு எத வச்சுப் பாத்தாலும் இந்த இடத்துல துளி போட்டாலே இனிக்கற தீவிர இனிப்பூட்டிகள் எல்லாமே சர்க்கரைய விட ரொம்பக் கம்மி.

ஆனா கதை அங்க முடியல, எனக்குக் கவலை ஆரம்பிக்கறதே அதுக்கப்புறந்தான். சுக்ரலோஸ்ங்கறது சர்க்கரை மூலக்கூறுல மூணு இடத்துல குளோரின் ஏத்தினது. அதான் நம்ம உடம்பால அத உடைக்க முடியல, அதே காரணத்தால பாக்டீரியாவாலயும் சுலபமா உடைக்க முடியறதில்ல. கழிவறையில இருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருது, நாங்க காத்து அடிச்சு, சேறு படிய வச்சு எல்லாம் பண்ணி வெளிய விடற தண்ணியில பெரும்பகுதி அப்படியே இருக்கும். ஸ்வீடன்ல 2007 வாக்குல இதக் கண்டுபிடிச்சு சொன்னாங்க, அப்பறம் ஐரோப்பா அமெரிக்கா ஆறுகள்ல எல்லாம் இருக்குன்னு தெரிஞ்சுது. இன்னைக்கு ஒரு கிணத்துத் தண்ணியில சாக்கடை கலந்திருக்கான்னு பாக்க விஞ்ஞானிகள் சுக்ரலோஸையும் அசெசல்ஃபேம் பொட்டாசியம்ங்கற இன்னொரு இனிப்பூட்டியையும் அடையாளமா வச்சே சொல்றாங்க, அந்த அளவுக்கு அது போகாம நிக்குது.

அது மீனுக்கு விஷமான்னா, ஆத்துல இருக்கற அளவுல உடனே கொல்ற விஷம் இல்ல. புளோரிடா பல்கலைக்கழகத்துல பண்ணின ஒரு ஆய்வுல நன்னீர்ல சுக்ரலோஸ் இருக்கறப்ப நீலப்பச்சைப் பாசி கூட வளர்ந்துச்சுன்னு பாத்திருக்காங்க. ஒரு ஆய்வ வச்சு பயமுறுத்த மாட்டேன். ஆனா போகாத பொருள் ஒண்ண வருஷா வருஷம் கூடுதலா ஆத்துல விட்டுக்கிட்டே இருக்கோம், நம்ம ஊர்ல நிறைய சாக்கடை சுத்திகரிக்கப்படாமலே ஏரிக்குப் போகுது, அது என் மனசுல நெருடிக்கிட்டே இருக்கு.

ஸ்டீவியா இந்த விஷயத்துல மேல். பராகுவே நாட்டுச் செடி, குவாரனி மக்கள் காலங்காலமா இலையப் போட்டுக் குடிச்சது, நம்ம ஊர்ல சீனித் துளசின்னு நர்சரியில விக்கறாங்க. நம்ம குடல் பாக்டீரியாவே அத உடைச்சிடும், அதனால ஆத்துக்குப் போற சுமை கம்மி. ஐரோப்பாவுல வளர்த்த ஸ்டீவியாவ வச்சு இங்கிலாந்து சர்ரே பல்கலைக்கழகம் கணக்குப் போட்டதுல, அதே இனிப்புக்கு சர்க்கரையோட கார்பன் வெளியீட்டுல பத்துல ஒரு பங்குதான் வந்துச்சு. ஆனா கடைப் பாக்கெட்ல இருக்கறது வெறும் ஸ்டீவியா இல்ல, நீங்களே கண்டுபிடிச்ச மாதிரி எரித்ரிட்டால்தான் கிலோக்கணக்குல இருக்கு. அது மக்காச்சோள மாவுல இருந்து குளுக்கோஸ் எடுத்து ஈஸ்ட் போட்டு நொதிக்க வச்சு, காய்ச்சி, படிகமாக்கி எடுக்கறது, அதுக்கு நிலமும் கரண்டும் தனிக் கணக்கு. "இலை படம்" போட்ட பாக்கெட்ல அந்த இலையோட பங்கு நூத்துல ஒண்ணு ரெண்டுதான்.

கட்டைக்கரும்பு

எல்லாரும் கரும்பப் பத்தி தண்ணி தண்ணின்னு எழுதறீங்க, நான் கள்ளக்குறிச்சிப் பக்கம் மூணு ஏக்கர் கரும்பு போடறவன், ரெண்டு வார்த்தை சொல்லிக்கறேன்.

தண்ணி அதிகம்னு நானே ஒத்துக்கறேன். ஆனா நாங்க ஏன் கரும்பு போடறோம்? நெல்லுக்கு ஆள் கிடைக்கல, காய்கறிக்கு விலை கிடைக்கல, கரும்பு ஒண்ணுதான் ஆலை எடுத்துக்கும்னு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையும் நாலு வருஷம் நிலுவை பாக்கி வச்சப்ப போச்சு, எம் பொண்ணு காலேஜ் ஃபீஸ் கட்ட நகைய அடகு வச்சேன். சொட்டுநீர் போட்ட பிறகு தண்ணி நல்லா குறைஞ்சிருக்கு, சோகைய, அதாவது காஞ்ச கரும்பு இலைய, எரிக்காம வரப்புக்கு நடுவுல பரப்பி விட்டா ஈரம் நிக்குது, வெட்டின கட்டையில துளிர்க்கற மறுதாம்பு ரெண்டு வருஷம் நல்லா வருது. சக்கைய எரிச்சு ஆலையே கரண்ட் எடுக்குது, கழிவுப்பாகுல எத்தனால். இந்தக் கணக்கையும் போடுங்க.

மகாராஷ்டிராவுல நடக்கறதும் எனக்குத் தெரியும், 2016ல லாத்தூருக்கு ரயில்ல தண்ணி கொண்டு போனாங்க, அந்த மராத்வாடா வறட்சிப் பகுதியிலயும் கரும்பு நின்னுது. பீட் மாவட்டத்துல கரும்பு வெட்டப் போற பொம்பளைங்க ஒரு நாள் லீவு போட்டா கூலி பிடிப்பாங்கன்னு கர்ப்பப்பையையே எடுத்துக்கிட்டாங்கன்னு 2019ல பேப்பர்ல படிச்சு அன்னைக்கு சோறு இறங்கல. சீனி மலிவா கிடைக்குதுன்னா அதுக்கு பின்னால யாரோ ஒருத்தர் உடம்பு தேயுது. நீங்க சீனி குறைங்க, நான் வேண்டாம்னு சொல்லல, ஆனா அதோட எங்களுக்கு வேற பயிருக்கு ஒரு நல்ல விலையும் கேளுங்க.

வைகைக்கரை

கட்டைக்கரும்பு அண்ணே, மனசு கஷ்டமாயிருச்சு. நான் உங்களக் குத்தம் சொல்லி எழுதல, எங்க சித்தப்பாவும் கரும்புதான் போட்டார், நிலுவைக்கு அலைஞ்சத பாத்தவ நான்.

ராஜி அக்கா, அம்மா பயப்படற கேன்சர் விஷயமும் எரித்ரிட்டாலும் மட்டும் கொஞ்சம் சொல்லுங்க.

ராஜி_டயட்

கேன்சர்னு 2023 ஜூலையில வந்தது அஸ்பார்ட்டேம் பத்தி, அது வேற இனிப்பூட்டி. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு அத 2பி வகையில சேத்தாங்க, "இருக்கலாம், ஆனா ஆதாரம் போதல"ங்கற படி. அதே நாள்ல இன்னொரு குழு கிலோவுக்கு 40 மில்லிகிராம்ங்கற பழைய அளவையே மாத்த வேண்டாம்னாங்க, 70 கிலோ ஆள் அத தாண்டணும்னா தினமும் 9 முதல் 14 கேன் டயட் கோலா குடிக்கணும். பிறவியிலயே பீனைல்கீட்டோனூரியாங்கற அபூர்வ நோய் இருக்கறவங்க மட்டும் அஸ்பார்ட்டேமத் தொடவே கூடாது. கொதிக்க வச்சா அதோட இனிப்பும் போயிடும், அதனால நம்ம சமையலுக்கு எப்படியும் ஒத்து வராது. சாக்கரின் மேல 1977ல இதே மாதிரி பயம் வந்துது, எலிக்கு மூத்திரப்பையில கட்டி வந்ததால. அந்த வழி மனுஷ உடம்புல நடக்கறதில்லன்னு தெரிஞ்சு 2000ல அமெரிக்காவுல எச்சரிக்கை லேபிள எடுத்துட்டாங்க.

எரித்ரிட்டால் விஷயத்துல நான் கொஞ்சம் ஜாக்கிரதையாவே இருப்பேன். அமெரிக்கா கிளீவ்லாந்து கிளினிக் 2023ல, ரத்தத்துல எரித்ரிட்டால் அதிகமா இருந்தவங்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்ததுன்னு பாத்தாங்க. அதுல ஒரு சிக்கல், நம்ம உடம்பே எரித்ரிட்டால் கொஞ்சம் தயாரிக்குது, சுகர் கோளாறு இருந்தா கூடவே தயாரிக்கும், அதனால சாப்பிட்டதால வந்ததான்னு அந்த ஆய்வ மட்டும் வச்சு சொல்ல முடியாது. ஆனா அடுத்த வருஷம் 20 பேர்ல பாதிப் பேருக்கு 30 கிராம் எரித்ரிட்டாலும் மீதிப் பேருக்கு குளுக்கோஸும் குடிக்கக் குடுத்துப் பாத்ததுல, எரித்ரிட்டால் குடிச்சவங்களுக்கு ரத்தத்த உறைய வைக்கற தட்டணுக்கள் சட்டுனு ஒட்டற தன்மை கூடிச்சு, குளுக்கோஸ் குடிச்சவங்களுக்கு அப்படி ஆகல. 61 வயசு, சுகர் இருக்கு, இதயத்துக்கு ஏற்கெனவே ரிஸ்க் இருக்கற ஆளுக்கு ஸ்பூன் ஸ்பூனா எரித்ரிட்டால் போட நான் சொல்ல மாட்டேன். ஸ்டீவியா வேணும்னா சொட்டு மருந்து மாதிரி திரவமா வருது, இல்ல சின்ன மாத்திரையா வருது, அதுல சேர்மானம் கம்மி. நம்ம உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015லயே அனுமதிச்சது. லேசா கசப்பு நிக்கும், டிகாக்‌ஷன் ஸ்ட்ராங்கா போட்டா அந்தக் கசப்பு காபியோட கசப்புல மறைஞ்சிடும், என் பேஷண்ட் ஒருத்தர் சொல்லிக் குடுத்தது இது.

சுக்ரலோஸ வச்சு அதிரசம் சுடறது, கேக் பேக் பண்றது வேண்டாம். 120 டிகிரிக்கு மேல போனா தேவையில்லாத குளோரின் பொருட்கள் உண்டாகலாம்னு ஜெர்மனி அரசு நிறுவனம் 2019ல எச்சரிச்சது. காபி டீக்குப் பிரச்சனை இல்ல.

சிம்பா_அம்மா

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், வீட்டுல நாய் இருந்தா சைலிட்டால்ங்கற இனிப்பூட்டி போட்ட எதையும் எட்டற இடத்துல வைக்காதீங்க, சுகர்ஃப்ரீ சூயிங்கம்ல கூட இருக்கும். மனுஷங்களுக்கு இப்படி ஆகாது, நாய்க்கு கொஞ்சம் போனாலே சுகர் சடார்னு இறங்கி ஈரல் கெட்டுடும். எங்க சிம்பா கம் பாக்கெட்ட கடிச்சுட்டு ரெண்டு நாள் டிரிப்ஸ்ல கிடந்தான்.

நீர்வழி

ராஜி அக்கா சொன்னதோட சேத்துப் பாத்தா உங்க வீட்டுக்கு எனக்குத் தோணறது இதுதான். அப்பாவுக்கு திரவ ஸ்டீவியா பிடிச்சா அதுவே, உடம்புக்கும் தண்ணிக்கும் அது சுமாரா ஒத்துப் போகுது. பிடிக்கலன்னா சுக்ரலோஸ் மாத்திரை, அதுக்காக குற்ற உணர்ச்சி வேண்டாம், ஒரு சுகர் பேஷண்டோட எட்டு மாத்திரையால ஆத்துத் தண்ணி கெடறதில்ல, சுகர் இல்லாதவங்க குடிக்கற பாட்டில் பாட்டிலான டயட் பானமும் பிஸ்கட்டும்தான் அளவக் கூட்டுது. நான் அவங்களத்தான் கேட்டுப்பேன்.

வைகைக்கரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து சாயங்காலம் அம்மாவ உக்கார வச்சு ராஜி அக்கா எழுதினத படிச்சுக் காட்டினேன், கருப்பட்டி, இட்லிய விட மோசமான்னு கேட்டாங்க, ரத்தத்துல போனா ரெண்டும் சர்க்கரைதாம்மான்னு சொன்னதும் ரொம்ப நேரம் பேசல, அப்பறம் எந்திரிச்சுப் போய் கருப்பட்டி டப்பாவ மேல் ஷெல்ஃப்ல வச்சுட்டாங்க. அது என்னோட சித்தி வீட்டுக்குப் போகுது, அவங்களுக்கு சுகர் இல்ல. லோ சுகர் வந்தா குடுக்கறதுக்கு சீனி ஒரு சின்ன பாட்டில்ல போட்டு "அப்பாவுக்கு அவசரத்துக்கு"ன்னு எழுதி ஒட்டியாச்சு, மாத்திரை அட்டையில கிளிமிபிரைட்னு போட்டிருக்கு, இத யாரும் எங்களுக்கு சொல்லவே இல்ல.

அப்பாகிட்ட பேசினேன். நாலு காபிய ரெண்டாக்க ஒத்துக்கிட்டார், காலையில ஒண்ணு, மூணு மணிக்கு ஒண்ணு. காலைக் காபிக்கு ஸ்டீவியா சொட்டு ரெண்டு விட்டுப் பாத்தார், முகம் சுளிச்சார், ஆனா டம்ளர முழுசா குடிச்சுட்டார். மூணு மணிக் காபிக்கு எதுவும் போடாமக் குடிச்சுப் பாக்கறேன்னு அவராவே சொன்னார். மூணு மாசம் கழிச்சு எச்பிஏ1சி எடுத்துட்டு இங்கயே வந்து எழுதறேன்.